ஹன்னாவின் பிள்ளைகள்

நான் நல்லவன் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

நார்த்மீட்டில் எங்கள் பக்கத்து வீட்டில் மார்கரெட் என்ற எண்பது வயதுக்காரி இருந்தார். அவருடைய முன்னோர் ஒருவர் அந்தக் காலத்து அமெரிக்காவில் புகையிலைத் தோட்ட முதலாளி. அந்தப் பரம்பரை விவரங்களை ஒரு வம்சாவளி இணையதளத்தில் ஏற்றித் தரச் சொன்னார். அவரிடமிருந்த பழைய உயிலைப் பார்த்து ஏற்றினேன். அதில் சொத்துகளோடு அடிமைகளின் பெயர்களும் இருந்தன. அவற்றை மட்டும் விட்டுவிட்டேன்.

முதலாளியின் பெயரைக் கண்டுவிட்டு ஒரு கறுப்பினப் பெண் அமெரிக்காவிலிருந்து எனக்கு எழுதினாள். ஹன்னா என்ற அடிமைப் பெண்ணின் வழிவந்தவளாம். ஹன்னாவின் பிள்ளைகளின் பெயர்கள் எங்கேயாவது இருக்கின்றனவா என்று கேட்டிருந்தாள்.

உயிலில் இருந்தன. ஆனால் மார்கரெட் பதில் போட வேண்டாம் என்றார். குடும்ப மானம் போய்விடுமாம்.

"பாவமப்பா, ரெண்டு வரி எழுதிவிடுங்கோவன்," என்றாள் என் மனைவி.

"உமக்கென்ன விசரே? பக்கத்து வீட்டுக்காரியோட என்னைக் கொழுவச் சொல்லுறீரோ?" என்று கத்தினேன்.

மூன்று மாதத்தில் மார்கரெட் இறந்துபோனார். மகன் காகிதங்களை எல்லாம் கவுன்சில் குப்பைக்கு வீதியோரம் வைத்துவிட்டான். நான் வேலையால் வருவதற்குள் லொறி அள்ளிக்கொண்டு போய்விட்டது. பிரதிகூட நான் எடுத்து வைக்கவில்லை.

அந்த அமெரிக்கப் பெண்ணுக்கு இன்னும் பதில் எழுதவில்லை. என்னத்தை எழுதுவது? அந்தப் பெயர்களைக் கண்ணால் வாசித்தவன் நான். எவ்வளவு யோசித்தும் ஒன்றுகூட வரவில்லை. அதே பக்கத்தில் இருந்த குதிரையின் பெயர்தான் அப்படியே நினைவிருக்கிறது.