வீட்டு நாய்களுக்கு ஆகாத மனிதர்

பெனிஸ்டன் மாமாவைத் தெருநாய்கள் ஒன்றும் செய்வதில்லை. தூத்துக்குடி தெரேஸ்புரத்தில் வள்ளங்கள் ஏற்றிவைத்திருக்கும் மணலில் படுத்துக் கிடக்கும் நாய்கள், அவர் தாண்டிப் போனால் வாலைக்கூட ஒதுக்காது. அவரைக் கண்டால் ஆகாதது வீட்டு நாய்களுக்குத்தான். பெயர் வைத்து, தட்டு வைத்து, காய்ச்சல் வந்தால் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடுகிற மாதிரி வளர்க்கிற நாய்களுக்கு. பிரையண்ட் நகரில் மடியில் அடங்குகிற பொமரேனியன் ஒன்று அவர் மேல் பாய மாடிப்படியில் இருந்து குதித்திருக்கிறது.

என் அண்ணன் பிரைட்டனுக்கு மாமனார் அவர். அதனால் எனக்கும் மாமா. இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் கடலில் மூழ்கிச் சங்கு குளித்தவர். இப்போது லோடு ஆட்டோவில் தண்ணி கேன் போடுகிறார். தோளில் கேனோடு வாசலில் நிற்பார், கேட்டுக்குள் நாய் குதிக்கும், வீட்டுக்காரர்கள் வந்து, "எங்க டாமி யாரையுமே ஒண்ணும் செய்யாதே, ஒங்களப் பார்த்தா மட்டும் இப்படி..." என்பார்கள். அந்த 'மட்டும்' என்ற வார்த்தையை அவர் எத்தனையோ வாசல்களில் கேட்டுவிட்டார்.

அதையெல்லாம் அவர் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை, எங்கள் வீட்டில் பிள்ளை பிறக்கும் வரைக்கும்.

அவருடைய மகள் ஸ்டெபி மதினிக்கு அம்மா இல்லை. பிள்ளை நாளாவதற்கு முன்னாலேயே பிறந்து கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. மாமா கதவுக்கு வெளியே நின்று பார்த்ததோடு சரி. பொம்பளை இல்லாத வீட்டில் இவ்வளவு சின்ன உயிரை எப்படி வைத்துப் பார்ப்பது என்று, ஆஸ்பத்திரியில் இருந்து நேராக சாயர்புரத்துக்கு, எங்கள் வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டோம். வெளியே எங்கும் எடுத்துப் போகக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். பேத்தியைக் கையில் வாங்க வேண்டுமென்றால் மாமா இங்கேதான் வர வேண்டும். இங்கே ஷீபா இருந்தது.

ஷீபா கன்னி இன வேட்டை நாய். அப்பா இருந்த காலத்தில் கோவில்பட்டிப் பக்கமிருந்து குட்டியாக வந்தது. வீட்டுக்குப் பின்னால் முருங்கைத் தோட்டம். மயில் விரட்டுவது அதன் வேலை. கறுப்பு உடம்பு, புருவத்துக்கு மேல் இரண்டு மஞ்சள் பொட்டு. ஓடும்போது கால் தரையில் பட்ட மாதிரியே இருக்காது.

முதல் தடவை மாமா வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்த கையோடு. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. பிள்ளைக்குச் சின்னதாக ஒரு கம்பளித் தொப்பி, நாய்க்கு ஒரு பை நிறையப் பொறை ரொட்டி. ஆட்டோவை வேப்பமரத்தடியில் விட்டுவிட்டு வந்து கேட்டைத் திறந்தார். பதற்றமாக இருந்திருக்கும். நின்று, உதட்டைக் குவித்து, ஒரு பெருமூச்சு விட்டார்.

முருங்கைக்குள் படுத்திருந்த ஷீபா அம்பு மாதிரி வந்தது. வந்த வேகத்தில் அவரைக் கடிக்கவில்லை, அதுதான் விநோதம். அவருக்கு முன்னால் சறுக்கி நின்று, அவருக்குப் பின்னால் எட்டிப் பார்த்தது. இடப்பக்கம் பார்த்தது, வலப்பக்கம் பார்த்தது. அப்புறம்தான் அவர் மேல் பாய்ந்தது. வேட்டி கிழிந்தது. பொறை வாசல் முழுக்கச் சிதறியது. நான் போய்க் கழுத்தைப் பிடித்து இழுப்பதற்குள் அவருடைய கெண்டைக்காலில் இரண்டு பல் இறங்கிவிட்டது.

அம்மா வாசல்படியில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

என் அம்மா பிரேமா மற்ற விஷயங்களில் பிடிவாதக்காரி இல்லை. ஆனால் ஷீபா விஷயத்தில் அவளை அசைக்க முடியாது. ஒருநாள் மோட்டார் ரூமுக்குள் அவளைப் போகவிடாமல் ஷீபா குறுக்கே நின்று மறித்தது. சேலையைக் கவ்வி இழுத்தது. உள்ளே சுவிட்சுப் பெட்டிக்கு அடியில் நல்லபாம்பு கிடந்தது. அன்றிலிருந்து அம்மாவுக்கு சர்ச்சில் ஐயர் பிரசங்கத்தில் சொல்வதுகூட ஷீபாவுக்கு ஒருபடி கீழேதான்.

"சும்மா பாயாது அது," என்றாள் அன்றைக்கு ராத்திரி சாப்பிடும்போது. "அவுகள நான் குறை சொல்லல. நல்ல மனுசன்தான். ஆனா அவுக கூட என்னவோ வருது. நம்ம கண்ணுக்குத் தெரியாது."

"அம்மா, அவரு மேல மீன் வாடை அடிக்கும். அதுக்குப் பாஞ்சிருக்கும்," என்றான் அண்ணன்.

"ஏலே, மீன்காரி தினமும் உள்ள வந்து ஒக்காந்து வெத்தல போட்டுட்டுப் போறா. அவ மடியில தலைய வச்சுப் படுத்துக் கெடக்கு ஒன் நாயி."

மறுநாள் மதினி வைத்த குழம்பில் உப்பு இல்லை. யாரும் அதைச் சொல்லவுமில்லை.

இரண்டாவது தடவைக்கு எல்லோரும் சேர்ந்து திட்டம் போட்டோம். ஷீபாவை மோட்டார் ரூமில் கட்டிப்போட்டோம். மாமா புது சோப்புப் போட்டுக் குளித்து, அண்ணன் சட்டையை வாங்கி உடுத்திக்கொண்டு வந்தார். நடைக்குள் கால் வைத்தார். தொட்டில் அங்கிருந்தே தெரிந்தது. ஒரு நிமிஷம் நின்றார், அதே பெருமூச்சு. அவ்வளவுதான். மோட்டார் ரூமுக்குள் சங்கிலி தகரக் கதவில் அறைகிற சத்தம். அப்படி ஓர் ஊளையை ஷீபா அதற்கு முன் போட்டதில்லை. பிள்ளை திடுக்கிட்டு வீறிட்டது. முகம் நீலமாகிற அளவுக்கு அழுதது. அம்மா பிள்ளையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

கதவுக்குப் பின்னாலிருந்து அவள் குரல் வந்தது. கோபம் இல்லாத குரல். "அண்ணே, தப்பா நெனைக்காதீக. இந்தப் பிள்ள எனக்கு அரை உசுராக் கெடைச்சது. ஒங்க கையில குடுக்க எனக்குத் தைரியம் இல்ல."

"சரி தங்கச்சி," என்றார் மாமா. "அழ விடாண்டாம். நான் போறேன்."

ஆட்டோ வரைக்கும் நான் கூடப் போனேன். அவர் ஏறி உட்காரவில்லை. கண்ணாடியில் தன் முதுகுக்குப் பின்னால் பார்த்தார்.

"மருமவனே, அது என்னையப் பாக்கல. கவனிச்சியா? எனக்குப் பின்னால யாரையோ தேடுது. எல்லா வீட்டு நாயும் அப்படித்தான். மொதல்ல பின்னால பாக்கும். அப்புறந்தான் எம்மேல பாயும்."

நானும் அதைக் கவனித்திருந்தேன். ஆமாம் என்று சொல்லப் பயமாக இருந்தது.

"வன்னியபெருமாள்னு ஒருத்தன். ஒரே வள்ளத்துல குளிச்சோம்," என்றார். "சங்கு குளிக்கவன் தண்ணிக்கு மேல தலை வந்ததும் உதட்டக் குவிச்சு ஒரு ஊத்து ஊதுவான். உள்ள அடக்கி வச்ச மூச்சு பூரா அதுல போவும். வள்ளத்துல இருக்கவன் அந்தச் சத்தத்துக்குத்தான் காதத் தீட்டிட்டு இருப்பான். கடல் பாக்க ஒண்ணு போலத்தான் இருக்கும், எவன் எங்கன இருக்கான்னு தெரியாது. சத்தத்த வச்சே சொல்லிருவோம், இது பெனிஸ்டன், இது வன்னியன்னு. அன்னைக்கு என் சத்தம் வந்துட்டு. அவன் சத்தம் வரல."

ரோட்டில் ஸ்ரீவைகுண்டம் பஸ் போய் மறைகிற வரைக்கும் அதையே பார்த்தார்.

"அவன்தான் நிக்கான். மூச்சு விடாம அப்படியே எம் பின்னால நிக்கான். நாய்க்குத் தெரியுது. ஒங்க அம்ம சொல்லுதது சரிதான். அப்படி ஒண்ணக் கூட்டிட்டுப் பச்சப்பிள்ளகிட்டப் போவலாமா?"

அதன் பிறகு அவர் சாயர்புரம் பக்கம் வரவில்லை. போனில் மட்டும் பிள்ளையைப் பார்த்துக்கொண்டார். 'நான் வரட்டுமா' என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

ஒருநாள் மத்தியானம் சாப்பாடு முடிந்திருந்தது. அம்மா அடுப்படியில் பாத்திரம் ஒதுக்கிக்கொண்டிருந்தாள். தொட்டில் சேலைக்கு அடியில், தரைக்குளிர்ச்சியில், ஷீபா நீட்டி நிமிர்ந்து தூங்கிக்கொண்டிருந்தது. பிள்ளை வந்த நாளில் இருந்து அதுதான் அதற்கு இடம். மதினி மாமாவுக்கு வீடியோ கால் போட்டாள். தூத்துக்குடியில் ஏதோ மாடி வீட்டுக்குக் கேன் ஏற்றிவிட்டு அப்போதுதான் இறங்கியிருந்தார். முகமெல்லாம் வேர்வை. போன் கொஞ்சம் கோணலாக இருந்தது.

"ஏளா, பிள்ளையக் காட்டு."

மதினி போனைத் தொட்டிலுக்குள் நீட்டினாள். பிள்ளை தூக்கத்தில் உதட்டைச் சுழித்துச் சிரித்தது. மாமா அதைப் பார்த்தார். உதட்டைக் குவித்தார். நீளமாக ஒரு மூச்சு விட்டார்.

ஷீபா எழுந்தது. எழுந்தது என்று சொல்ல முடியாது, தூக்கத்தில் இருந்து அப்படியே ஓட்டத்துக்குள் போனது. பின்வாசலைத் தாண்டி, முருங்கைக்குள் பாய்ந்து, மயில் வந்து உட்காருகிற மதில் ஓரம் போய் நின்று, அண்ணாந்து இடமும் வலமும் பார்த்தது. அங்கே ஒரு மயிலும் இல்லை. குழம்பிப்போய்த் திரும்பி வந்து, எங்கள் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்த்தது.

அம்மா ஈரக்கையோடு அடுப்படியில் இருந்து வந்தாள். "ஏலே, பிள்ள தூங்குத நேரத்துல நாய்க்குச் சூ காட்டுதியே, அறிவிருக்கா ஒனக்கு?"

"நான் காட்டலம்மா."

"பின்ன யாரு? அடுப்படி வரைக்கும் கேட்டுச்சே. சூன்னு."

நான் மதினியைப் பார்த்தேன். மதினி கையில் இருந்த போனைப் பார்த்தாள். எங்கள் பக்கத்தில் வளர்க்கிற நாய்க்குக் குட்டியிலேயே பழக்குவது அந்த ஒரே எழுத்தைத்தான். காக்காய் என்றாலும் மயில் என்றாலும் திருடன் என்றாலும், உதட்டைக் குவித்து 'சூ' என்றால் போதும், எது மேலேயோ பாய வேண்டும் என்று அதற்குத் தெரியும். எது மேல் என்பதை அதுதான் தேடிக்கொள்ள வேண்டும். தெருநாய்க்கு அப்படிச் சொல்லிக்கொடுக்க யார் இருக்கிறார்கள்?

"அப்பா," என்றாள் மதினி. "இன்னொரு தரம் அதே மாதிரி மூச்சு விடுங்க."

"என்னளா?"

"விடுங்களேன்."

ஐந்தங்குலப் போனுக்குள் இருந்து அந்த மூச்சு வந்தது. ஷீபா மறுபடியும் மதிலுக்கு ஓடியது.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கடலுக்கு அடியில் இருந்து ஒரு மனிதன் உயிரோடு வந்துவிட்டான் என்று சொல்கிற சத்தம். வள்ளத்தில் ஆட்கள் காத்துக் கிடந்த சத்தம். அதைக் கரைக்குக் கொண்டுவந்து, பாரம் இறக்கும்போதும் பயப்படும்போதும் அவர் விட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். எந்த நாயும் அவரை வெறுக்கவில்லை. அவர் சொன்னதைக் கேட்டிருக்கின்றன. 'பாய்' என்று அவரே சொல்ல, எதிரி எங்கே என்று அவருக்குப் பின்னால் தேடி, ஒருவரும் இல்லாததால், கடைசியில் எதிரே நின்ற ஒரே ஆள் மேல் பாய்ந்திருக்கின்றன. பயந்தால் மூச்சு வரும், மூச்சு வந்தால் நாய் வரும், நாய் வந்தால் இன்னும் பயம்.

மதினி அவருக்கு எல்லாவற்றையும் விளக்கிச் சொன்னாள். போனில் அவர் முகம் அசையாமல் இருந்தது, நெட் நின்றுவிட்டது என்றே நினைத்தோம். அப்புறம் கேட்டார்:

"அப்போ எனக்குப் பின்னால யாரும் இல்லயா?"

அதில் சந்தோஷமும் இருந்தது, வேறு ஒன்றும் இருந்தது. இத்தனை காலம் கூடவே வந்த ஒருவரை அப்போதுதான் வழியனுப்பியது மாதிரி.

அம்மா தரையில் உட்கார்ந்துவிட்டாள். திரும்பி வந்த ஷீபாவைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டாள். "ஊரு பூரா நாய ஏவி விட்டது இவுகளேதானா? நல்ல மனுசன் போங்க," என்றாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "நாளைக்கு வரச் சொல்லுளா ஒங்கப்பாவ. கட்டிப்போடவெல்லாம் வேண்டாம். அது பாட்டுக்கு நிக்கட்டும்."

"வந்தா மறுபடியும் விட்ருவேனே தங்கச்சி," என்று போனில் இருந்து குரல் வந்தது. "அது எனக்குத் தெரிஞ்சா வருது?"

"விடாம வாங்க," என்றாள் அம்மா.

மறுநாள் காலை அவர் கேட்டுக்கு வெளியே நின்று கண்ணை மூடினார். நெஞ்சு மேலே ஏறி, விலா ஒவ்வொன்றாக விரிவது சட்டைக்கு மேலேயே தெரிந்தது. வாயை மூடிக்கொண்டு கேட்டைத் திறந்தார். நடந்தார். அவசரம் இல்லை, கையைக்கூட வீசவில்லை. தண்ணிக்குள் அப்படித்தான் போவார் போல. ஷீபா முருங்கைக்குள் இருந்து வந்தது. அவர் காலை மோந்தது. தான் கடித்த தழும்பை மோந்தது. பிறகு, வீட்டுக்கு வருகிற யாரோடும் வருவது போல, கூடவே நடந்து வந்தது. நான் என் மூச்சையும் அடக்கிக்கொண்டிருந்தேன். என்னால் நடை வரைக்கும்கூட முடியவில்லை.

மதினி பிள்ளையை அவர் கையில் வைத்தாள். துறைமுகத்தில் வேலை முடிந்து அப்போதுதான் வந்த அண்ணன், ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றுவிட்டான். மாமா இரண்டு உள்ளங்கையையும் சேர்த்துக் குழியாக்கி, அதில் பிள்ளையை வைத்துப் பார்த்தார். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. கண் நிறைந்திருந்தது. மூச்சு மட்டும் வெளியே வரவில்லை.

"அப்பா, போதும். விடுங்க."

மாட்டேன் என்று தலையை ஆட்டினார். பிள்ளையைத் திருப்பிக் கொடுக்கவும் அவருக்கு மனசு வரவில்லை.

அம்மா ஷீபாவுக்குப் பக்கத்தில் முட்டி போட்டாள். அதன் தலையைத் தன் மடியில் அமுக்கி, இரண்டு உள்ளங்கையாலும் அதன் காதுகளைப் பொத்தினாள்.

"விடுங்கண்ணே," என்றாள்.

சூ.

பிள்ளையின் நெற்றியில் இருந்த பூனைமுடி அசைந்தது. பிள்ளை கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தது. அம்மா கையை எடுக்கவில்லை.

"இன்னும் இருந்தா அதையும் விடுங்க. நான் பிடிச்சிருக்கேன்."