மெழுகால் அடைத்த பள்ளம்

என் மாமியைப் பொய்க்காரி ஆக்கியவன் நான். அப்போது எனக்குப் பத்து வயது. வயதைச் சொல்லித் தப்பிக்க விரும்பவில்லை.

மாமி, அப்பாவின் ஒரே தங்கை. மணமாகும்வரை கொட்டாஞ்சேனையில் எங்களோடு இருந்தார். மேல்மாடியின் தேக்குப் பலகைத் தரைக்கு வெள்ளிக்கிழமைகளில் பொலிஷ் போடுவது அவர் வேலை.

ஒருநாள் வெளியே மழை. மேல்மாடியில் படிக்கட்டு முடியும் இடத்தில் உட்கார்ந்து, உள்ளே இருக்கும் பருப்புக்காகக் கொட்டங்காயை அம்மிக்குழவியால் உடைத்தேன். காய் நழுவியது. பலகையில் ஒரு சில்லு பெயர்ந்து பள்ளம் விழுந்தது.

எதைக்கொண்டு அடைப்பது? தச்சர்கள் மரத்தூளைப் பசையில் குழைத்து அடைப்பதைப் பார்த்திருக்கிறேன். அது காய நேரமெடுக்கும். யன்னல் கண்ணாடியைப் பதிக்க வைக்கும் புட்டிப் பசை வெள்ளையாகக் காட்டிக்கொடுத்துவிடும். மெழுகுதிரி உடனே இறுகும். அதை உருக்கி, பொலிஷைக் கலந்து ஊற்றி, கத்தியால் வழித்தேன். நிறம் அப்படிப் பொருந்தியதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட வந்தது.

மறுநாள் வெயிலில் மெழுகு இளகி, கால்களில் ஒட்டிப் பலகையெங்கும் பரவியது. அப்பா வழுக்கி விழுந்து கையை முறித்துக்கொண்டார். கட்டுப் போட்டுக்கொண்டு வந்தவர், தரையை நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டு மாமியைக் கூப்பிட்டார்.

"மெழுகு போட்டனியோ?"

"இல்லை அண்ணை. பொலிஷ் மட்டும்தான்."

"அப்ப இது என்ன, பனங்கட்டியோ?"

"சத்தியமா நான் போடேல்லை."

"நான் விழுந்தது பெரிசில்லை. பொய் சொல்லாதை."

கதவருகில் நான் நின்றிருந்தேன். மாமி என் பக்கம் திரும்பவே இல்லை.

கை குணமானதும் எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்தேன். அதன்பின் மாமி எதைச் சொன்னாலும் அப்பா அம்மாவிடம், "அவள் சொல்லுறது சரியோ?" என்று ஒருமுறை கேட்டுக்கொள்வார். மாமி மணமாகி வெள்ளவத்தைக்குப் போன பிறகும் கேட்டார். அந்தக் கேள்வி மாமியின் காதிலும் விழுந்திருக்கும் என்பது அந்த வயதில் எனக்கு உறைக்கவில்லை. உறைத்த வயதில் துணிவு வரவில்லை.

அப்பா காலமான பின் வீடு என் கைக்கு வந்தது. பள்ளத்தைச் சுரண்டித் துப்புரவாக்கிவிட்டுக் கடைக்குப் போனேன். கடைப் பெடியன் பள்ளம் அடைக்கும் சாமான்களில் இரண்டு மூன்று வகையை எடுத்து வைத்தான்.

"தரைக்கு எண்டால் இந்த மெழுகுக்கட்டி வேண்டாம், அங்கிள். வெயிலுக்கு இளகும்."

"தெரியும், தம்பி."

"முந்திப் போட்டுப் பாத்தனீங்களோ?"

"போட்டனான்."

மரத்தோடு சேர்ந்து இறுகும் பசையை வாங்கி, தேக்குத் தூளைக் கலந்து நானே அடைத்துத் தேய்த்தேன். பிறகு மாமியை அழைத்துவந்து, இடத்தைக் காட்டி, நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன்.

அவர் பெருவிரலால் அந்த இடத்தை அழுத்திப் பார்த்தார்.

"அண்ணை இருக்கேக்கை சொன்னனியோ?"

"இல்லை, மாமி."

மாமி கைப்பிடியைப் பற்றியபடி படியிறங்கினார். கீழே என் மனைவி தேத்தண்ணீரோடு நின்றாள்.

"இன்னொரு நாள் வந்து குடிக்கிறன், பிள்ளை."

அவர் பிறகு வரவேயில்லை. எனக்குத் தெரிய, மாமி ஒன்றைச் சொல்லிவிட்டு அதன்படி செய்யாதது அந்த ஒரு முறைதான்.