வலிக்காததைப் பற்றிக் கேட்ட கௌரி அக்கா

பிறை நகருக்குப் போகும் வழியில், பாலத்தின் மேல் வாகன நெரிசலில் நின்றுகொண்டிருந்தபோது சலீம் பாய் அழைத்தார். நம் தொழிற்சாலையில் கேன்டீன் நடத்துபவர். "தம்பி, கௌரி போயிட்டாங்க. காலையில, வீட்டுலயே" என்றார். சில மாதங்களாகவே அக்காவுடைய சிறுநீரகங்கள் தளர்ந்துகொண்டு வந்தன. எதிர்பார்த்த செய்திதான். ஆனாலும் முன்னால் நின்ற லாரி நகர்ந்து போனதை நான் கவனிக்கவில்லை. பின்னாலிருந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள்.

பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் கௌரி அக்காவோடு வேலை செய்த உங்களுக்கு அவரை நான் அறிமுகப்படுத்தத் தேவையில்லை. பராமரிப்புப் பிரிவின் மேற்பார்வையாளர். இயந்திரங்களுக்குப் போகும் அழுத்தக் காற்றும் அதைச் சுமக்கும் குழாய்களும் அவர் பொறுப்பு. எதுவும் பழுதானால் யாரையும் திட்டமாட்டார். எப்படிப் பழுதானது என்று கேட்பார். ஒருமுறை வெடித்துப்போன ரப்பர் குழாயை நீளவாக்கில் அறுத்து, உட்புறம் எங்கே நைந்திருக்கிறது பாருங்கள் என்று காட்டினார். சாப்பாட்டு நேரம் அதிலேயே முடிந்தது. பசியோடு திரும்பிப் போனோம், நினைவிருக்கிறதா?

அப்படிப்பட்டவர் தன்னுடைய ரத்த அழுத்தத்தைப் பற்றி மட்டும் ஒன்றும் கேட்டதில்லை. நாற்பது வயதுக்கு முன்பே அது வந்துவிட்டது. மாத்திரையை நினைவு வந்தால் போடுவார். "தலையே வலிக்கல, அப்புறம் என்ன பிரஷர்லா" என்பார்.

ஒரு நாள் காலை தொழிற்சாலைப் பேருந்திலிருந்து இறங்கியவர், வலது கை தன்னுடையது போலவே இல்லை என்று சொன்னார். உட்கார வைத்தோம். பேச்சு குழறியது, வாந்தி எடுத்தார், பிறகு கண்கள் மூடிக்கொண்டன. மூளையின் ஆழத்தில் ஒரு சிறு ரத்தக் குழாய் வெடித்திருந்தது. மண்டையோடு விரிந்து கொடுக்காத பெட்டி. கசிந்த ரத்தமும் வீங்கிய மூளையும் ஒதுங்க அதற்குள் இடமில்லை. மண்டையோட்டில் ஒரு பகுதியை எடுத்து இடம் விட்டால்தான் உள்ளே ஏறும் அழுத்தம் தணியும், இல்லாவிட்டால் உயிருக்கே ஆபத்து என்றார் அறுவை மருத்துவர். கணவர் மணியம் அண்ணன் சம்மதித்தார்.

அக்கா பிழைத்தார். பேச்சு திரும்பத்தான் மாதங்கள் ஆயின. எடுத்த எலும்பை மீண்டும் பொருத்துவதற்கு முன் மருத்துவரைப் பார்க்கப் போனபோது நானும் கூடப் போயிருந்தேன். ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்து அக்கா கேட்டார்: "எத்தனையோ வருஷமா எனக்கு பிரஷர். அப்ப மண்டைக்குள்ளயும் ஏறியிருக்கணும்லா. ஏன் எனக்குத் தெரியல?"

மருத்துவர் ஒரு சீனப் பெண்மணி. அக்கா கேட்டதை நான் மலாய் மொழியில் சொன்னதும், நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். ரத்தத்தின் அழுத்தம் வேறு, மண்டைக்குள் இருக்கும் அழுத்தம் வேறு என்றார். முதலாவது ஏறினால் இரண்டாவதும் கூடவே ஏறிவிடுவதில்லை. மூளைக்குப் போகும் சிறு குழாய்கள் தம்மைச் சுருக்கிக்கொண்டு அந்த வேகத்தைத் தடுத்துவிடும். ஆண்டுக்கணக்கில் அப்படித் தடுத்துத் தடுத்து அவற்றின் சுவர்கள் தடித்துப்போகும். அதனால்தான் உள்ளே எல்லாம் வழக்கம்போல் இருக்கும், பெரும்பாலும் வலியும் தெரியாது. ஆனால் தடித்த சுவர் நைந்துகொண்டும் வரும். ஒரு நாள் அது வெடித்தால், அப்போதுதான் மண்டைக்குள் அழுத்தம் எகிறும்.

அழுதுவிடுவார் என்று நினைத்தேன். அக்காவின் முகம் தெளிந்தது. "அப்ப அதுங்க இத்தனை வருஷமா எனக்காகத் தாங்கிட்டு இருந்திருக்கு" என்றார்.

பிறகு அவர் யாரையும் பிரஷர் பார்த்தாயா என்று கேட்காமல் விடவில்லை. ஏற்கெனவே பிரஷருக்கு மாத்திரை போட்டுக்கொண்டிருந்த சலீம் பாய் அவர் பேச்சைக் கேட்டுப் பயந்துபோய், ஒரே மூச்சில் அழுத்தத்தை இறக்கிவிடலாம் என்று மாத்திரையைத் தானாகவே கூட்டிப் போட்டு, அடுப்படியில் தலைசுற்றி விழப் பார்த்தார். அக்கா ஊன்றுகோலோடு கேன்டீனுக்கே வந்துவிட்டார். உயர்ந்த அழுத்தத்துக்குப் பழகிய மூளைக்கு, திடீரென்று இறக்கினால் போதிய ரத்தம் போய்ச் சேராது என்று விளக்கினார். "மெதுவாத்தான் இறக்கணும், பாய். டாக்டரைக் கேட்டுட்டு" என்றார். அன்று முதல், டாக்டர் சொன்ன அளவைப் பாய் மீறியதில்லை.

சிறுநீரகம் தளர்ந்தபோதும், இதுவும் அதே குழாய்களின் கதைதானா என்று மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார். "நான் கேட்க ஆரம்பிச்சதுதான் லேட்டு" என்று என்னிடம் சொன்னார். அதைச் சொல்லும்போதும் அந்தக் குழாய்களை நினைத்து அவருக்கு வியப்புத்தான் இருந்தது.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது ஒரு பழக்கம். தொந்தரவில்லாமல் அமைதியாக இருக்கும் ஒன்றை அப்படியே நம்பி விலகிவிடாமல், உள்ளே எது தாங்கிக்கொண்டிருக்கிறது என்று கேட்பது. பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லோரும் கிளம்பும்போது, மணியம் அண்ணன் தானே தேநீர் கொடுத்து, வந்தவர்களையெல்லாம் நலம் விசாரித்து அனுப்பிக்கொண்டிருந்தார். நல்ல திடமான மனிதர் என்று பேசிக்கொண்டு போனார்கள். நான் மட்டும் திரும்பிப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, எப்படி இருக்கிறீர்கள் என்று மறுபடியும் கேட்டேன்.

அண்ணன் தேநீர்த் தட்டைக் கீழே வைத்தார்.

"ஆப்பரேஷன் ஆனதுலேர்ந்து, காலையில கண்ணு முழிச்சதும் அவளுக்கு மூச்சு வருதான்னு பார்ப்பேன், தம்பி" என்றார். "இன்னிக்குக் காலையிலயும் திரும்பிப் பார்த்தேன்."