ஜீரோ தங்கராசு

குள்ளஞ்சாவடிப் பக்கத்து ஊர்க்காரரான தங்கராசு, நெய்வேலிச் சுரங்கத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஒரு கான்ட்ராக்ட் கம்பெனி பஸ்ஸை இருபத்தோரு வருஷமாக ஓட்டுகிறார். ஷெட்டில் அவருக்கு ஜீரோ என்று பேர். வண்டி எடுக்கும் முன்னால் டிரைவர்கள் எல்லாரும் மெஷினில் ஊத வேண்டும். குடித்திருந்தால் எண் ஏறும். அந்த மெஷின் வந்து ஆறு வருஷம் ஆகிறது, தங்கராசு ஊதி ஜீரோவைத் தவிர எதுவும் வந்ததில்லை. கல்யாண வீட்டில் மற்றவர்கள் பந்தலுக்குப் பின்னால் நழுவும்போது, பாயசத்தை இரண்டாம் தடவை கேட்டு வாங்குகிற மனுஷன். கேலிக்கு வைத்த பேர்தான், ஆனால் அவருக்கு அதில் உள்ளூரப் பெருமை. பர்மனென்ட் ஆகாத வேலையில் அவருக்கென்று மிஞ்சியது அந்தப் பேர் ஒன்றுதான்.

ஒன்பது நாளைக்கு முன்னால் இரண்டு டிரைவர்கள் வேலையை விட்டு நின்றார்கள். முதல் ஷிப்டோடு இரண்டாம் ஷிப்டையும் நீங்களே ஓட்டிவிடுங்கள் என்று சூப்பர்வைசர் கருணாகரன் சொல்லிவிட்டார். பதினோரு மணிக்கு வீடு, மூன்றரைக்கு மறுபடி எழுந்திருக்க வேண்டும். நாலு நாள் உடம்பு தாங்கியது. அப்புறம் சோறு இறங்கவில்லை, பேசினால் எரிச்சல் வந்தது. எட்டாம் நாள் மதியம், ஆள் நிறைந்த வண்டியோடு டவுன்ஷிப் முகப்பில் இருக்கும் ஆர்ச் கேட்டைத் தாண்டும்போது கண் தானாக மூடிக்கொண்டது. வேகத்தடை தூக்கிப் போட்டபோதுதான் விழித்தார். வண்டி ரோட்டின் வலது ஓரத்தில் போய்க்கொண்டிருந்தது. எதிரே எதுவும் வரவில்லை, அவ்வளவுதான். பின்னால் நாற்பது பேரும் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அன்றைக்கே போய்க் கருணாகரனிடம் சொன்னார். மாற்று ஆள் கிடையாது, இன்னும் நாலு நாள் பொறுத்துக்கொள்ளுங்கள், முகத்தைக் கழுவிவிட்டு ஸ்ட்ராங்காக ஒரு டீ குடியுங்கள் என்று பதில் வந்தது. ஷெட் சுவரில் ஆள் உயரத்துக்கு ஒரு போர்டு உண்டு: குடித்தவர் வண்டியைத் தொடக்கூடாது. தூக்கம் கெட்டவரைப் பற்றி அதில் ஓர் எழுத்து இல்லை. எழுதிய புண்ணியவான் எட்டு மணி நேரம் தூங்கி எழுந்து வந்து எழுதியிருப்பார்.

மறுநாள் மதியம் ஒரு மணி. முதல் ஷிப்டை முடித்துவிட்டு வந்த தங்கராசு, சாப்பாட்டுப் பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்துக்கொண்டு பாத்ரூமுக்குள் போனார். மனைவி செங்கமலம் உடம்பு வலிக்குக் குடிக்கிற அரிஷ்டம். போன வருஷம் ராமலிங்கம் என்கிற டிரைவர் அதைக் குடித்துவிட்டு ஊதி மாட்டிக்கொண்டதும், கால் மணி நேரம் கழித்து மறுபடி ஊதித் தப்பித்ததும் அவருக்கு ஞாபகம் இருந்தது. வாய் நிறைய ஊற்றிக் கொஞ்ச நேரம் வைத்திருந்தார். பாதியைத் துப்பினார், பாதியை விழுங்கினார்.

மெஷின் அலறியது. அதைப் பிடித்திருந்த செக்யூரிட்டி விஜயலட்சுமி எண்ணைப் பார்த்தாள், தங்கராசுவைப் பார்த்தாள், மெஷினை உள்ளங்கையில் தட்டினாள். தப்பு மெஷினுடையது என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை.

"அண்ணே, எதுனா டானிக் குடிச்சீங்களா? வாயக் கொப்புளிச்சிட்டு செத்த உக்காருங்க. அப்புறமா ஊதிக்கலாம்."

நல்ல மனசோடுதான் சொன்னாள். கால் மணி நேரம் உட்கார்ந்தால் ஜீரோ திரும்பி வந்துவிடும், பின்னாலேயே ஸ்டீயரிங்கும் வரும். ஷிப்டுக்குப் போகிற ஆட்கள் சுற்றிலும் நின்றார்கள். தங்கராசு உட்காரவில்லை.

"டானிக் இல்லம்மா," என்றார். "குடிச்சிட்டுதான் வந்திருக்கன்."

யாரோ சிரித்தார்கள். ஜீரோவே போட்டாச்சா என்று ஒருத்தன் கேட்டான். விஜயலட்சுமி மட்டும் சிரிக்கவில்லை, நோட்டில் எழுதும்போது அவர் முகத்தைப் பார்க்கவும் இல்லை. சிரிப்பைவிட அதுதான் அவருக்கு வலித்தது. கருணாகரன் வந்து, உங்களிடம் இதை எதிர்பார்க்கவில்லை என்று தலையில் அடித்துக்கொண்டார். யாருக்கோ போன் போட்டார். பத்தே நிமிஷத்தில் பக்கத்து ஷெட்டிலிருந்து ஒரு டிரைவர், தலை சீவிக்கொண்டு, நன்றாகத் தூங்கி எழுந்த முகத்தோடு வந்து வண்டியில் ஏறினார். ஒன்பது நாளாக இல்லாத ஆள். தங்கராசு நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு ஷேர் ஆட்டோ பிடித்தார்.

அவர் வருவதற்கு முன்னாலேயே சேதி வீட்டுக்கு வந்திருந்தது. செங்கமலம் வாசலில் நின்றுகொண்டு ஏதோ கேட்டாள். அவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் விழுந்தார்.

கண் விழித்தபோது மறுநாள் காலை பத்து மணி. அரிஷ்ட பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு செங்கமலம் எதிரே உட்கார்ந்திருந்தாள். சாப்பாட்டுப் பையைக் கழுவப்போனவளுக்கு எல்லாம் புரிந்துபோயிருந்தது. அழுதிருந்தாள்.

"நான் போயி சொல்றங்க. ஒரு நாளும் குடிச்சதில்ல, இதத்தான் குடிச்சாருன்னு சொல்றன். ஊரே சிரிச்சிகினு கெடக்குது."

"சொன்னா இன்னிக்கி மத்தியானமே வண்டிய எடுக்கச் சொல்லுவான்," என்றார் தங்கராசு.

அவள் பாட்டிலைக் கீழே வைத்தாள். அப்புறம் ஆபீஸிலிருந்து போன் வந்ததைச் சொன்னாள். குடிக்கிற டிரைவர்களுக்கு மூன்று நாள் வகுப்பு நடக்கிறதாம், குடியை விடுவது எப்படி என்று சொல்லிக்கொடுப்பார்களாம், முடித்தால்தான் மறுபடி வேலையாம்.

தங்கராசு சுவர்ப் பக்கம் புரண்டு படுத்தார்.

"மூணு நாளும் உக்காந்துகினுதான இருக்கணும்?" என்று கேட்டார்.

ஆமாம் என்றாள். அதற்குள் அவர் தூங்கிப்போயிருந்தார்.