வெள்ளிக்கிழமைகளில் மட்டும் வெட்டிய நெட்

பிள்ளையள், போன கிழமை கதைக்கேக்க மூத்தவளே, நீ கேட்டாய்: "அப்பா, இங்க ஹொஸ்டலில நெட் வெட்டி வெட்டி வருது. எங்கட வெள்ளவத்தை வீட்டில நீங்கள் அதை எப்படிச் சரியாக்கினனீங்கள்?" போனில் சொல்லத் தொடங்கினேன், பாதியில் வெட்டிவிட்டது. அதனால் எழுதுகிறேன். சின்னவளும் வாசிக்கட்டும். நான் ஓ.எல். பரீட்சை வரைக்கும்தான் படித்தவன், துணிக்கடையில் வேலை செய்கிறவன். பிழை இருந்தால் நீங்கள் திருத்துங்கோ.

மூத்தவளே, உனக்கு அப்போ அந்த ஸ்கொலர்ஷிப் இன்டர்வியூ வீடியோவில் நடக்கும் என்று அறிவித்திருந்தார்கள். சனிக்கிழமை காலை. இடையில் லைன் போனால் திரும்பக் கூப்பிட மாட்டார்கள் என்றும் சொல்லியிருந்தார்கள். எங்கள் வீட்டிலோ வெள்ளியும் சனியும்தான் நெட் மோசம். எதிரில் கதைக்கிறவரின் வாய் திறந்தபடி அப்படியே நின்றுவிடும். நீ சோற்றைக் குறைத்துச் சாப்பிட்டாய். அது எனக்குத் தெரிந்தது.

முதலில் ரவுட்டரைத்தான் பிடித்தேன். உயரமான, நடுவான இடத்தில் வைத்தால் நல்லது என்று கடையில் ஒரு தம்பி சொன்னான். அலுமாரிக்கு மேலே வைத்தேன். பிறகு ஹோலுக்கு நடுவே. பிறகு பிரிட்ஜுக்குப் பக்கத்திலிருந்து எடுத்து ஜன்னலடியில். சின்னவள் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுக் கேட்டாள்:

"அப்பா, அதுக்குக் களைச்சுப் போச்சு. ஒரு கதிரையில இருத்தி டீ குடுங்கோவன்."

கடைசியில் ரவுட்டரிலிருந்து வயரை நேரே கம்ப்யூட்டரில் குத்திப் பார்த்தேன். அப்போதும் அதே வெட்டு. அங்கேதான் எனக்குப் புத்தி வந்தது. வீட்டுக்குள் காற்றில் போகிறதில் பிழை இல்லை. வெளியிலிருந்து வருகிற கேபிளிலேயே குறைந்துதான் வருகிறது. அப்படியென்றால் ரவுட்டரை எங்கே வைத்தும் என்ன பலன்?

கேபிள்காரருக்குச் சொன்னேன். அவர் புதன்கிழமை வந்து மீட்டரைக் கொழுவிப் பார்த்தார். "ஹொந்தாய் அய்யே, அவுலக் நே," என்றார். நல்லாயிருக்கு, ஒரு பிரச்சினையும் இல்லை என்று. புதன்கிழமை நல்லாய்த்தான் இருந்தது. வெள்ளிக்கிழமை வந்து பாருங்கோ என்று சிங்களத்தில் கேட்டேன். சிரித்துக்கொண்டு போய்விட்டார்.

வெள்ளி, சனியில் எல்லாரும் வீட்டிலிருந்து படம் பார்க்கிறார்கள், அதுதான் நெருக்கம் என்று நினைத்தேன். கீழ் வீட்டு நானாவுக்கும் அதே கம்பத்திலிருந்துதான் கேபிள் வருகிறது. படியில் கண்டு கேட்டேன்.

"எங்கட ஊட்டுல ஒண்டும் இல்லயே. ஜும்மா தொழுகை முடிஞ்சி வந்து கிரிக்கெட் மெச் பாக்குறதே அதுலதான். ஒரு போல் கூட நிக்கிறல்ல," என்றார்.

அப்போ பிழை கம்பத்தில் இல்லை. எங்கள் வீட்டில்தான். ஆனால் வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் என்ன நடக்கிறது?

"அம்மா மாதிரி வைஃபையும் வெள்ளிக்கிழமை விரதமாக்கும்," என்றாள் சின்னவள்.

அவள் பகிடிக்குச் சொன்னது. எனக்கு அது மண்டைக்குள் நின்றுவிட்டது.

இன்டர்வியூவுக்கு முதல்நாள் வெள்ளிக்கிழமை. நான் கடைக்கு லீவு சொல்லிவிட்டு விடியவே எழும்பி ரவுட்டருக்கு முன்னால் நின்றேன். பச்சை லைட் அசையாமல் எரிந்தது. அம்மா முழுகிவிட்டு வந்தா.

"என்னப்பா, பால் பொங்கிறதைப் பாக்கிற மாதிரி நிக்கிறியள்?"

"நீர் உம்மட வேலையைச் செய்யும். நான் பாக்கிறன்."

அம்மா வெள்ளிக்கிழமை வழக்கப்படி விளக்கேற்றினா. செம்பில் மஞ்சள் தண்ணியை எடுத்து, மாவிலையால் அறை அறையாகத் தெளித்துக்கொண்டு வந்தா. வாசலுக்கு எப்பவும் கொஞ்சம் கூடத்தான் தெளிப்பா. நிலைக்கு மேலே படும்படி இரண்டு மூன்று தரம் வீசினா. கொஞ்ச நேரத்தில் பச்சை லைட் மினுங்கத் தொடங்கியது.

நான் ஸ்டூலைப் போட்டு ஏறினேன். நிலைக்கு மேலேதான் கேபிள் சுவரைத் துளைத்து உள்ளே வருகிறது. அந்த இடத்தில் இரண்டு கேபிளைச் சேர்த்து ஒரு ஜொயின்ட். வெள்ளைக் கேபிள் அதிலே மட்டும் மஞ்சளாக இருந்தது. திருகிக் கழற்றினேன். நடுவில் இருக்கிற செம்புக் கம்பி பச்சை பிடித்திருந்தது. உள்ளே ஒரு சொட்டுத் தண்ணியும் நின்றது. ஒவ்வொரு வெள்ளியும் நனைந்து, ஞாயிறளவில் காய்ந்திருக்கிறது. கடல் காற்றும் சேர்ந்து அரித்திருக்கும்.

அம்மா செம்போடு அண்ணாந்து பார்த்தா.

"அப்ப இவ்வளவு நாளும் நான்தானோ?"

"நீர் இல்லை. தண்ணி."

"தண்ணி தானா நடந்து போய் ஏறினதே?"

நாங்கள் இரண்டு பேரும் சிரித்தோம். பிறகு அம்மா சிரிப்பை நிற்பாட்டிவிட்டு, "அப்ப இனி வாசலுக்குத் தெளிக்கேலாது, என்ன?" என்று கேட்டா. நான் ஸ்டூலை விட்டு இறங்கினேன்.

காலி வீதியில் எலக்ட்ரிக் கடையில் புதுக் கனெக்டர் வாங்கி வந்தேன். பச்சை பிடித்த நுனி இரண்டையும் வெட்டி எறிந்துவிட்டு, நல்ல கம்பி தெரியுமட்டும் சீவி, புதிதைப் போட்டு இறுக்கித் திருகினேன். பச்சை லைட் நின்று எரிந்தது. மூத்தவளே, இதுதான் உனக்குச் சொல்ல வந்தது. முதலில் வயரைக் குத்திப் பார். பிறகு கேபிள் வருகிற வழியெல்லாம் கையால் தடவிக்கொண்டு போ. ஜொயின்ட் எங்கே இருக்கிறதோ அங்கே நின்று பார்.

சனிக்கிழமை நீ அறைக் கதவைச் சாத்திக்கொண்டாய். சின்னவளைச் சத்தம் போடக்கூடாது என்று குசினியில் இருத்தினோம். எனக்கு உன் இங்கிலீஸ் பாதிதான் விளங்கியது. ஆனால் ஒரு இடத்திலும் "கேக்குதா, கேக்குதா" என்று நீ கேட்கவில்லை. அது விளங்கியது. கதவைத் திறந்து வந்து, "ஒருக்காலும் நிக்கேல்லை அப்பா," என்று சொல்லிவிட்டு, போய் ஒரு கோப்பைச் சோறு போட்டுச் சாப்பிட்டாய்.

பின்னேரம் நீங்களும் அம்மாவுமாக மூன்று பேரும் கோயிலுக்குப் போனீர்கள். நான் பிரிட்ஜில் இருந்த யோகட்டைச் சாப்பிட்டு முடித்து, கப்பைக் கழுவித் துடைத்தேன். அதன் பக்கத்தில் கேபிள் நுழைய ஒரு கீறல் வெட்டி, ஸ்டூலில் ஏறி, ஜொயின்டுக்கு மேலே குடை மாதிரிக் கவிழ்த்து, சுற்றி டேப் ஒட்டினேன்.