கப்பல் மேல் நின்றவன்

இது ஜெகதாப்பட்டினம் வசந்துக்கு உண்மையில் நடந்தது. இட்டுக்கட்டியதாக இருந்தால் முடிவை வேறு மாதிரி வைத்திருப்பேன்.

வசந்தும் அவன் தம்பி விக்ரமும் ஒரே விசைப்படகில் கடலுக்குப் போகிறவர்கள். அந்தப் புதன்கிழமை, கெளுத்தி முள் குத்தி வசந்துக்குக் கை வீங்கியிருந்தது. அவன் கரையில் தங்கிவிட்டான். விக்ரமும் கூட்டாளி திருப்பதியும் போனார்கள்.

பிற்பகல் மூன்று மணிவாக்கில் வசந்த், ஐஸ் பிளான்டுக்குப் பக்கத்தில் அஜித் நடத்தும் வி.ஆர். விளையாட்டுக் கடைக்குப் போனான். அங்கே தரும் கண்ணாடியை முகத்தில் மாட்டினால் நிற்பது போர்க்கப்பலின் மேல்தளத்தில். கையில் இயந்திரத் துப்பாக்கி. எதிரிப் படகுகள் வரும், சுட வேண்டும். வாரம் தவறாமல் இதற்கே வருவான். நிஜக் கடலில் ரோந்துக் கப்பலைக் கண்டால் படகுக்குள் குப்புறப் படுத்துக்கொள்கிறவன் அவன். இங்கே மட்டும்தான் துப்பாக்கிக்குப் பின்னால் நின்றான். அந்த ருசியை அவன் யாரிடமும் சொன்னதில்லை.

அன்று முதல் சந்தேகம் வாடையில் வந்தது.

"என்னடா, கடைக்குள்ள டீசல் நாத்தம்?"

"ஒங்க சட்டையில அடிக்கும்ணே. ஆட்டத்தப் பாருங்க."

பிறகு அந்தப் படகு. மற்றவை சுட்டுக்கொண்டே வந்தன. இது மட்டும் சும்மா மிதந்தது. பச்சைப் பெயின்ட். ஒரு பக்கமாகச் சாய்ந்து, பாதி முங்கி...

"அஜித்து, மீன்பிடிப் படக எதுக்குடா இதுல வச்சிருக்க?"

"எங்கண்ணே? நீங்க பாக்குறதுதான் இந்த டிவியிலயும் வரும். வெறுந் தண்ணிதான் தெரியுது."

பயல் ஏதோ வேலை காட்டுகிறான் என்று வசந்த் நினைத்தான். துப்பாக்கியை அந்தப் பக்கம் திருப்பினான்.

தண்ணீரில் ஒரு தலை.

நீந்தி வந்தது. கப்பலுக்கு அடியில் வந்து, அண்ணாந்து பார்த்தது.

விக்ரம்.

"அண்ணே... கயித்தப் போடுண்ணே..."

வசந்த் கயிறு தேடினான். அந்த விளையாட்டில் கயிறு கிடையாது. இருந்தது ஒரே பொத்தான். அது சுடுவதற்கு.

குனிந்து, கையை நீட்டினான்.

வீங்கிய கையை ஏதோ பிடித்தது.

ஈரமாக... சில்லென்று...

வழுக்கிப் போனது.

கண்ணாடியைப் பிடுங்கி எறிந்தான். மணி மூன்று இருபது. அஜித் சிரித்தான்.

"என்னண்ணே, செத்துட்டீங்களா?"

மறுநாள் காலை படகுகள் கரை திரும்பின. அவர்களுடையது வரவில்லை. அதில் போன திருப்பதியை மட்டும் வேறொரு படகு தூக்கி வந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி அவன் சொன்னான்.

"நேத்து மூணு, மூணேகால் இருக்கும். படகு சாஞ்சுருச்சு. பெரிய கப்பல் ஒண்ணு கிட்ட வந்து நின்னுச்சு. விக்ரம் அதப் பாத்துத்தான் நீந்துனான்."

அந்த நேரம் அங்கிட்டு எந்தக் கப்பலும் இல்லை என்று, அருகில் வலை விட்டிருந்தவர்கள் அடித்துச் சொன்னார்கள்.

திருப்பதி அவர்களைப் பார்க்கவில்லை. வசந்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"கப்பல் மேல நின்னியே... நீ எப்ப மாப்ள கரைக்கு வந்த?"