முதலில் சோறு, பிறகு சறுக்கு

"ராட்டினம் கெடக்கட்டும்ணே. சோறு எங்கன போடுவீக?"

நண்டு கம்பெனியின் மதில் ஓரம், திறக்காத தூக்குவாளியை மடியில் வைத்துக்கொண்டு பிரெசில்லா கைப்பேசியில் கேட்கிறாள். காலையிலிருந்து அவித்த நண்டில் சதை எடுத்த விரல்கள் வெளுத்துச் சுருங்கியிருக்கின்றன. மறுமுனையில் தண்ணீர்ப் பூங்காக்காரர் அலைக்குளம், ஆளை விழுங்கும் சறுக்கு, செயற்கை மழை என்று அடுக்கிக்கொண்டே போகிறார். அவள் குறுக்கிடுவதில்லை. அவர் மூச்சு வாங்கியதும் அதே கேள்வியை அதே குரலில் மறுபடி கேட்கிறாள்.

தங்கச்சிமடத்தில் அவளுடைய தெருவுக்கு வருஷத்தில் ஒரே சுற்றுலா. மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையோரம் கட்டிக் கிடக்க, ஆண்கள் வலை தைத்துச் சலித்துப்போயிருக்கும்போது ஒரு பேருந்து பிடித்துக் கிளம்புவார்கள். எங்கே போவது என்று சொல்ல வீட்டுக்கு ஒருவர் உண்டு. எங்கே சாப்பிடுவது என்று சொல்ல பிரெசில்லா மட்டும்தான். பார்த்த அருவியின் பெயரை மறந்துவிட்டவர்கள்கூட அந்த ஊரில் தின்ற புரோட்டாவை மறப்பதில்லை என்பதை அவள் பல வருஷமாகக் கவனித்து வைத்திருக்கிறாள்.

கடைகளை அவள் கண்ணால் பார்ப்பதே இல்லை. எடைபோடுவதெல்லாம் போனில்தான், அதுவும் மதியம் ஒரு மணிக்கு. எடுத்தவர் "சொல்லுங்கம்மா, சாப்ட்டீங்களா" என்று சாவகாசமாக ஆரம்பித்தால் அந்தக் கடை கழிந்தது. "ஒரு மணிக்கு எங்கூடப் பேச நேரமிருக்குன்னா அங்கன திங்க ஆளில்லேன்னு அர்த்தம்." எரிந்து விழுந்து வைத்துவிட்டால் அவள் முகம் மலரும். வைப்பதற்கு முந்தைய அந்த நொடியில் பின்னால் கேட்கும் சத்தத்தைப் பிடித்துக்கொள்வாள்: கல்லில் கரண்டி தட்டும் வேகம், "ரெண்டு இலை போடு" என்று யாரோ கத்துவது, பாத்திரம் கழுவும் தண்ணீர் நிற்காமல் விழுவது. இப்படித்தான் பரமக்குடி தாண்டி ஒரு கூரைக்கடையைக் கண்டுபிடித்தாள். அங்கே தின்ற இட்லியைப் பற்றித் தெருவில் இன்னும் பேச்சு ஓயவில்லை.

கடலை விட்டு விலகிய ஊரில் மீன் கிடையாது என்பது அவள் சட்டம். "நம்ம வித்த மீன ஐசுல போட்டு நமக்கே ஊத்துவான். தேவையா?" கறி என்றால் ஹலால் கறி. இல்லாவிட்டால் கூட வேலை பார்க்கும் மர்வா வெறும் தயிர்சோறு தின்னவேண்டி வரும். யாருக்குச் சர்க்கரை, யாருக்குப் பல் இல்லை, யார் கத்தரிக்காயைக் கண்டால் சொறிவார்கள், எல்லாம் அவள் தலைக்குள்.

"ஏ பிரெசி, ஒம் மண்டையத் தொறந்தா ஆவி பறக்கும்டி" என்பாள் மர்வா.

"பறக்கும். வந்து சட்டியப் பிடி."

இந்த வருஷம் மதுரைப் பக்கம் ஒரு தண்ணீர்ப் பூங்கா என்று முடிவானது. எல்லோருக்கும் சறுக்கு நினைப்பு. பிரெசில்லாவுக்குத் தம்பி ஜோஸ்வா நினைப்பு. எல்லை தாண்டியதாகப் பிடிபட்டு அக்கரைச் சிறையில் இருந்துவிட்டு மாசியில்தான் வீடு திரும்பியிருந்தான். வீட்டில் நன்றாகத்தான் சாப்பிட்டான். கோயில் திருவிழா அசனச் சாப்பாட்டில், தட்டோடு நீண்ட வரிசையில் நின்றவன் பாதியில் தட்டை மதில்மேல் வைத்துவிட்டு நடந்தான். அதன் பிறகு கல்யாணம், காதுகுத்து எதற்கும் போவதில்லை. அக்காவிடம் ஒரே ஒருமுறை சொன்னான்: "தட்டேந்தி நின்னா திரும்ப ஜெயில்ல நிக்கிற மாதிரி இருக்குக்கா."

அவன் மகள் ரோஸ்லின், அய்யா வந்தால்தான் தானும் வருவேன் என்று மூலையில் உட்கார்ந்துவிட்டாள். "நீ போத்தா, நான் வலை தைக்கணும்" என்று அவன் சொல்லச் சொல்ல அவள் பையைப் பிரித்து உடுப்புகளை வெளியே எடுத்து வைத்தாள். அதனால்தான் பிரெசில்லா அந்தப் பூங்காவுக்கு அத்தனை தடவை போன் போட்டாள்.

"மேடம், இங்க பஃபே. அவங்கவங்க எடுத்துக்கணும்" என்றார் மேலாளர் ராம்குமார்.

"எங்காளு ஒருத்தரு வரிசையில நிக்க மாட்டாருண்ணே."

"வீல்சேர் தர்றோம் மேடம்."

"காலெல்லாம் நல்லாத்தாண்ணே இருக்கு." போனை மறு காதுக்கு மாற்றினாள். "ஒங்க வீட்டுக் கல்யாணத்துல ஒங்கய்யாவத் தட்டேந்தி நிக்க வைப்பீகளா?"

பின்பக்கம் ஒரு ஹால் இருக்கிறது, பெரிய கம்பெனிக்காரர்கள் வந்தால் திறப்பது, இலை போட்டுப் பரிமாறச் சொல்கிறேன் என்றார் ராம்குமார். மேசை எந்தப் பக்கம், விசிறி உண்டா, பரிமாறுகிறவர்கள் என்ன உடுப்பு போடுவார்கள் என்பது வரை கேட்டுக்கொண்டாள். காக்கி இல்லை என்றதும்தான் போனை வைத்தாள். தம்பியிடம் போய், "ஒக்காந்து திங்கிற பந்திடா. நீ எந்திரிக்கவே வேணாம்" என்றாள். அவன் வலையைத் தைத்துக்கொண்டே இருந்தான். கிளம்பும் நாள் விடியலில், பேருந்தின் பின்னிருக்கையில் மகள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான்.

கடலோரத்திலேயே பிறந்து, கடலில் கணுக்காலுக்கு மேல் நனையாத பெண்கள் அலைக்குளத்தில் இறங்கினார்கள். மணி அடித்ததும் சொன்னபடி அலை வந்தது. "கடலம்மா இப்படிச் சொல்லிட்டு வந்தா நம்ம ஆளுக ஏன் அல்லாடணும்!" என்று மர்வா கூவ, குளமே சிரித்தது. சறுக்கிலிருந்து மனிதர்கள் வானத்திலிருந்து கொட்டுவதுபோல் விழுந்துகொண்டிருந்தார்கள். பிரெசில்லா எதையும் பார்க்கவில்லை. ஹாலின் பின்வாசலில் நின்று சோறு வடிவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் கேட்க மறந்த கேள்வி ஒன்றே ஒன்று. ஹாலுக்குள் எப்படி விடுவீர்கள் என்பது.

கதவருகே ஓர் ஊழியர் நின்றார். கையை நீட்டி, "ஒருத்தர் பின்னால ஒருத்தரா நில்லுங்க, தலை எண்ணணும்" என்றார். நல்ல மனிதர்தான். சிரித்த முகம். தெரு முழுக்க ஈரத் தலையோடு வரிசையில் நின்றது. அவர் தலை தலையாகத் தொட்டு எண்ணிக்கொண்டு வந்தார். நடுவில் நின்ற ஜோஸ்வாவின் கைகள் தாமாகவே உடம்போடு ஒட்டிக்கொண்டன. கண் தரைக்கு இறங்கியது. ரோஸ்லின் அவன் விரலைப் பிடித்து இழுத்தாள். விரல் அசையவில்லை.

உள்ளேயிருந்து பிரெசில்லா எட்டிப் பார்த்தாள். அடுத்த நொடி பேச்சு வெடித்தது.

"என்ன வரிசை இது? ரேஷன் மண்ணெண்ணெயா ஊத்துறாக? ஏ மர்வா, உள்ள வாடி! எல்லாரும் வாங்க, ஒண்ணா வாங்க!"

கரைவலை இழுக்கும்போது ஒரு குரலுக்கு மொத்தக் கூட்டமும் பாய்ந்து கயிற்றைப் பிடிக்குமே, அப்படிப் பாய்ந்தார்கள். மர்வா முன்னால், குமரிகள் பின்னால், கிழவர்கள் பக்கவாட்டில். வரிசை நொடியில் காணாமல் போனது. இடித்துக்கொண்டும் திட்டிக்கொண்டும் போன அந்த ஈரக் கூட்டம் ஜோஸ்வாவையும் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டது.

"மேடம், எண்ணணும் மேடம்!" என்று ஊழியர் தவித்தார்.

"இலைய எண்ணிக்கங்கண்ணே. தின்னு முடிச்சப்புறம் அது எங்கயும் ஓடாது."

அவர் அவளைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார், எண்ணிய கணக்கை மறந்து சிரித்துவிட்டார்.

இலை விழுந்தது. சோறு வந்தது. பிரெசில்லா தம்பியின் பக்கத்தில் உட்காரவில்லை. எதிரிலும் இல்லை. அடுத்த வரிசையில், அவனுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தாள். பார்த்தால் கூசுவான் என்று அவளுக்குத் தெரியும். அவள் இலையில் சோறு அப்படியே இருந்தது. குழம்பு போனது, பொரியல் போனது. பின்னால் ரோஸ்லினின் சிரிப்பு கேட்டது, தண்ணீர் டம்ளர் வைக்கும் ஓசை கேட்டது, அவன் குரல் மட்டும் கேட்கவில்லை. மர்வா எதிரிலிருந்து கண்ணால் ஏதோ சொல்ல முயன்றாள். பிரெசில்லா தலையசைத்துத் தடுத்துவிட்டாள்.

ரசத்துக்குச் சோறு கொண்டுவந்தவர் அவள் இலையருகே குனிந்தபோதுதான் அது கேட்டது. முதுகுக்குப் பின்னால், மெதுவாக, கொஞ்சம் கரகரப்பாக: "அண்ணே, இங்கன இன்னுங் கொஞ்சம் சோறு."

சோற்றுக் கரண்டி அவள் இலைக்கு மேல் நின்றது. பிரெசில்லா வலது கையால் இலையை மறைத்து, திரும்பிப் பார்க்காமலே, இடது கையின் கட்டைவிரலால் தோளுக்குப் பின்னால் காட்டினாள்.